சாம்பிராணித் தைலமும் பெரட்டுக்கு வந்த சாமியும்

வாசனையால் உடம்பைச் சரிசெய்யலாம் என்று நான் நம்பத் தொடங்கியது, மூக்கு முழுக்க அடைத்துக் கிடந்த ஒரு மழைக்காலத்தில். அப்போது எனக்கு எந்த வாசனையும் தெரியாது. அதனால் என் நம்பிக்கையை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் யாரும் என்றால் என் கணவர் ஒருவர்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள் அவை. பத்து காஜாவுக்கும் சிம்பாங் பூலாய்க்கும் நடுவே ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் டிரசராக இருந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரி என்பது ஒரு தகரக் கொட்டகை. டாக்டர் எப்போதாவது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மருந்து கலப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, யாருக்கு உண்மையாகவே காய்ச்சல், யாருக்கு வேலைக்குப் போக மனமில்லாத காய்ச்சல் என்று பிரித்துச் சொல்வது எல்லாம் டிரசர் பொறுப்பு. என் கணவருக்கு மூன்று மருந்துகளில் நம்பிக்கை உண்டு. காய்ச்சலுக்குக் கொய்னா, வயிற்றுக்கு விளக்கெண்ணெய், வெளியே தெரிகிற எதற்கும் டிஞ்சர். மூக்கடைப்பு இந்த மூன்றுக்குள்ளும் அடங்கவில்லை. ஆகவே அதை அவர் நோயாகவே ஒப்புக்கொள்ளவில்லை.

"சளி தானா வந்துச்சு, தானா போயிரும்" என்றார்.

அது போவதற்குள் அத்தர் பாய் வந்துவிட்டார். ஈப்போவில் சொந்தக்காரர் கடையில் தங்கிக்கொண்டு, சைக்கிளின் பின்னால் ஒரு மரப்பெட்டியைக் கட்டித் தோட்டம் தோட்டமாகச் சுற்றிய வியாபாரி அவர். நாகூர்ப் பக்கத்துக்காரர், இளவயது, ஓயாத வாய். பெட்டியைத் திறந்தால் விரல் பருமனில் கண்ணாடிப் புட்டிகள் வரிசையாக நிற்கும். ஒரு புட்டியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார்.

"எப்படி இருக்கு தங்கச்சி?"

"ஒண்ணும் தெரியல பாய்."

"அப்ப சரியான மருந்துதான் இது. காயு பூத்தே எண்ணெய். மூக்குக்கு ஆகும், தலைக்கு ஆகும், மூட்டுக்கு ஆகும், மனசுக்கு ஆகும், மாட்டுக்கும் ஆகும்."

காயு பூத்தே என்றால் மலாயில் வெள்ளைமரம். அதன் இலையைக் காய்ச்சி இறக்கும் எண்ணெய். கொதிக்கிற தண்ணீரில் விட்டு, தலைமேல் துணியைப் போட்டு மூடிக்கொண்டு, கண்ணை இறுக மூடி ஆவி பிடிக்கச் சொன்னார். எத்தனை சொட்டு என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. புட்டியில் பாதியைச் சட்டியில் கவிழ்த்தேன். மூக்கு திறந்தது. கூடவே கண், காது எல்லாமே திறந்துகொண்டதுபோல் இருந்தது. கண்ணீரும் கம்பலையுமாய் நான் வாசலுக்கு ஓடியதைப் பார்த்த பக்கத்து வீட்டுக் கிராணியின், அதாவது தோட்டத்துக் குமாஸ்தாவின், மனைவி, டிரசர் பெண்டாட்டியை அடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு சமாதானம் பேச வந்துவிட்டார்.

ஆனால் அன்றைக்குப் போன சளி அந்த ஆண்டு முழுக்கத் திரும்பவில்லை. நான் பாயின் நிரந்தர வாடிக்கைக்காரி ஆனேன்.

போகப் போக ஒன்று எனக்குப் புரிந்தது. பாயிடம் எந்தப் புட்டியை எடுத்தாலும் அது தீர்க்கும் நோய்களின் வரிசைதான் மாறும், நோய்கள் மாறாது. கிராம்புத் தைலமானால் பல்லில் தொடங்கி மாட்டில் முடியும். சந்தனத் தைலமானால் மனசில் தொடங்கி மாட்டில் முடியும். ஆகவே எது எதற்கு ஆகும் என்பதை நானேதான் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. போட்டுப் பார்க்க எனக்குக் கிடைத்தவர் என் கணவர்.

அவருக்கு ஒருநாள் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கிராம்புத் தைலத்தை அப்படியே கையில் ஊற்றி அழுத்தித் தேய்த்துவிட்டேன். தோள் மிளகாய்ப்பழம்போல் சிவந்துபோனது. எரிச்சலில் சட்டைகூடப் போட முடியாமல், துண்டைப் போர்த்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் மேலிருந்து வந்த மணத்தில், இரண்டு நாளாய்க் கஞ்சியைக்கூடத் தொடாமல் கிடந்த காய்ச்சல்காரர் ஒருவர் எழுந்து உட்கார்ந்து, "இன்னிக்கு ஆஸ்பத்திரில பிரியாணியா ஐயா?" என்று கேட்டாராம். அந்த ஆள் அன்று மத்தியானம் சோறு தின்று பிழைத்துக்கொண்டார். அதை வாசனையின் கணக்கில் சேர்க்க என் கணவர் சம்மதிக்கவே இல்லை.

"கொய்னா வேலை செஞ்சிருக்கு" என்றார்.

அன்றிலிருந்து எந்தத் தைலத்தையும் தேங்காய் எண்ணெயில் கலக்காமல் ஒருவர் மேலும் தடவியதில்லை. ஒரு சிறு கிண்ணம் தேங்காய் எண்ணெய்க்குச் சில சொட்டுப் போதும். இவற்றுக்கு எண்ணெய் என்று பெயர் இருக்கிறதே தவிர, சமையல் எண்ணெயோடு எந்த உறவும் கிடையாது. ஒரு கூடை இலையின் வாசனை முழுவதும் ஒரு சொட்டுக்குள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதை அப்படியே தோலில் விடுவது, ஒரு லயத்தின் வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்கள் அத்தனை பேரையும் ஒரே அறைக்குள் அடைப்பதுபோல. உள்ளுக்குக் குடிக்கக் கூடாது. கண் பக்கம் போகக் கூடாது. கைக்குழந்தைக்கு எதையும் தடவக் கூடாது. முதலில் முழங்கை மடிப்பில் துளி தொட்டுப் பார்த்து, அரிப்பு இல்லையென்றால்தான் மற்ற இடம். இவற்றில் ஒன்றையும் பாய் எனக்குச் சொல்லவில்லை. எல்லாம் என் கணவரின் தோள், முதுகு, ஒருமுறை காது ஆகியவற்றிலிருந்து நான் கற்றவை.

செரைப்புல் எண்ணெய் வந்த பிறகு வீட்டில் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. செரை என்பது எலுமிச்சை வாசம் வீசும் புல். மலாய்க்காரர்கள் குழம்பில் போடுவார்கள். அந்த எண்ணெயைத் துணியில் நனைத்துச் சன்னல் கம்பியில் கட்டிவைத்தால் கொசு உள்ளே வரத் தயங்கும். நாலைந்து நாள் நிம்மதியாகத் தூங்கி எழுந்த என் கணவர், காலையில் காப்பியைக் குடித்தபடி கூரையைப் பார்த்துச் சொன்னார்:

"கொசு எல்லாம் எங்கயோ கலியாணத்துக்குப் போயிருக்கு போல."

"துணியை அவுத்துறவா?"

"நான் அவுக்கச் சொன்னேனா?"

இதற்குள் லயத்துப் பெண்கள் சாயங்காலங்களில் என்னைத் தேடி வரத் தொடங்கியிருந்தார்கள். லயம் என்பது ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். பால்மரம் வெட்டிவிட்டு, அதாவது ரப்பர் மரத்தில் பட்டையைச் சீவிப் பால் இறக்கிவிட்டு, வருகிறவர்களுக்குக் கழுத்து வலியும் இடுப்பு வலியும் தீராது. ஆஸ்பத்திரிக்குப் போனால் டிஞ்சர் தடவுவார்கள் என்பதால் ஆஸ்பத்திரியைத் தாண்டி எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வருவார்கள். முன்வாசலில் டிரசர், பின்வாசலில் டிரசரம்மா. ஒரே வீட்டில் இரண்டு வைத்தியம் நடந்தது.

அப்படி வந்த ஒரு பெண், ஒருநாள் தன் புருஷனையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவரைத் தோட்டத்தில் தெரியாதவர் கிடையாது. சின்ன உருவம், நூல் போன்ற குரல். பூரானுக்குப் பயம், கங்காணிக்குப் பயம், இடிக்குப் பயம். மனைவி கொஞ்சம் சத்தமாகத் தும்மினால்கூடத் திடுக்கிடுவார். ஆனால் ஆண்டுக்கொருமுறை தோட்டத்துக் கோயில் திருவிழாவில் முனியாண்டி சாமி வேறு யார்மேலும் வராது, அவர்மேல்தான் வரும். அன்றைக்கு மட்டும் அவர் அரிவாள்மேல் ஏறி நிற்பார். வாட்டசாட்டமான ஆட்கள் நாலு பேர் பிடித்தாலும் திமிறிவிடுவார். சுருட்டைப் புகைத்துக்கொண்டு ஊர்க் குற்றங்களை எல்லாம் உரக்கச் சொல்லுவார். மறுநாள் வழக்கம்போலப் பூரானைக் கண்டு கட்டில்மேல் ஏறிக்கொள்வார்.

"இவருக்குத் தூக்கமே இல்ல டிரசரம்மா" என்றாள் மனைவி. "இவரு தூங்காம இருக்கிறதப் பாத்துப் பாத்து எனக்கும் தூக்கம் போச்சு."

"என்ன செய்யுது அண்ணே?" என்று கேட்டேன்.

"கண்ணை மூடினா நாளைக்கு வெட்ட வேண்டிய மரமெல்லாம் வரிசையா வந்து நிக்குது. கண்ணைத் தொறந்தா, ஐயோ இன்னும் விடியலையேன்னு இருக்கு."

யாருக்குத் தைலம் கலந்தாலும் அவர்களுக்குப் பிடித்த வாசனை எது என்று முதலில் கேட்பது என் வழக்கம். பிடிக்காத வாசனை எத்தனை உயர்ந்ததாக இருந்தாலும் மனசு அதற்குக் கதவைத் திறப்பதில்லை. அவரிடமும் கேட்டேன்.

"கோயில்ல சாம்பிராணி போடுவாங்கல்ல, அது மூக்குல ஏறினா எனக்கு உடம்பே லேசாயிரும் டிரசரம்மா. அதுக்கப்புறம் என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது."

நான் முதல் வாக்கியத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். சாம்பிராணித் தைலம், அதோடு கொஞ்சம் சந்தனத் தைலம், ஒரு சிட்டிகைக் கற்பூரம், எல்லாவற்றையும் தேங்காய் எண்ணெயில் கலந்து ஒரு போத்தலில் கொடுத்தேன். படுக்கும்போது நெற்றிப் பொட்டில் விரலால் தொட்டுக்கொள்ள வேண்டும், தலைமாட்டுத் துணியில் ஒரு சொட்டு விட வேண்டும், அவ்வளவுதான் என்று சொன்னேன். இருவரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

தோட்டத்தில் நாள் தொடங்குவது பெரட்டில். விடிவதற்கு முன்பே ஆட்களை எல்லாம் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதற்குப் பெரட்டு என்று பெயர். அது நடக்கும் களம் எங்கள் வீட்டுச் சன்னலுக்கு நேர் எதிரே. மேசைமேல் ஓர் அரிக்கன் விளக்கு, பக்கத்தில் கிராணி, நடுவில் வாயில் சுருட்டோடு துரை. வெள்ளைக்காரர். தோட்டத்தை நடத்தத் தேவையான அளவு தமிழ் அவருக்கு வரும். பேர் என்ன, எந்த லயம், எந்தக் கங்காணி, என்ன சாக்கிட், வேலைக்குப் போ. சாக்கிட் என்றால் மலாயில் நோய். இந்த ஐந்தையும் அழகாகப் பேசுவார். மற்ற விஷயங்களுக்கு அவருக்குத் தமிழ் தேவைப்பட்டதில்லை.

அன்று நான் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். களத்திலிருந்து ஒரு உறுமல் கேட்டது. புலி வந்துவிட்டதோ என்று சன்னலுக்கு ஓடினேன். வரிசையின் நடுவில் அந்தச் சின்ன மனிதர் காலை அகல வைத்து நின்றார். கண் சிவந்திருந்தது, நாக்கு மடங்கியிருந்தது. தலையிலிருந்து எண்ணெய் காதோரமாய் வழிந்து தோளில் இறங்கிக்கொண்டிருந்தது. காற்று எங்கள் வீட்டுப் பக்கம் வீசியபோது சாம்பிராணியும் சந்தனமும் மணத்தன.

துரை பதறவில்லை. தெரிந்த தமிழில் தொடங்கினார்.

"உன் பேர் என்ன?"

"முனியாண்டிடா" என்றது சாமி.

துரை கிராணியைத் திரும்பிப் பார்த்தார். கிராணி எழுந்து நின்று, இரண்டு பேரையும் கோபப்படுத்தாமல் பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்தில் கைகட்டிக்கொண்டார்.

"இந்த ஆள் பேரு வேற தொரை. வந்திருக்கிறவரு பேருதான் முனியாண்டி."

"எந்த லயம்?"

"ஆத்துலேருந்து மலைவரைக்கும் என் எல்லைடா" என்றது சாமி.

"எந்தக் கங்காணி?"

சாமி சிரித்தது. வரிசைக்கு முன்னால் நின்ற கங்காணி மெல்லப் பின்னால் நகர்ந்து, ஆட்களோடு ஆளாக நின்றுகொண்டார். சாமி இரண்டு எட்டு முன்னால் வைத்து, துரையின் வாயிலிருந்த சுருட்டை எடுத்துத் தன் வாயில் வைத்தது. சாமி இழுத்தது. புகை வரவில்லை, சுருட்டு அணைந்துபோயிருந்தது. மறுபடி இழுத்தது. அப்போதும் வரவில்லை. துரை சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, ஒரு குச்சியைக் கிழித்து, காற்றுக்குக் கையை அணைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பழக்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பிறகு தனக்குத் தெரிந்த நாலாவது கேள்விக்கு வந்தார். "என்ன சாக்கிட்?"

கிராணி பேர்ப் புத்தகத்தைப் புரட்டினார். டிரசரைக் கூப்பிடச் சொல்லித் துரை இங்கிலீஷில் உத்தரவிட்டார்.

என் கணவர் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி ஓடினார். சாமியைச் சுற்றி வந்து பார்த்தார். காய்ச்சல் இல்லை, ஆகவே கொய்னா இல்லை. வெளியே காயம் இல்லை, ஆகவே டிஞ்சர் இல்லை. வயிற்றைத் தொட்டுப் பார்க்கத் துணிச்சல் இல்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்கு ஓடி, மயக்கம் போட்டவர்களுக்கு முகரக் கொடுக்கிற அமோனியா உப்புப் புட்டியை எடுத்து வந்து சாமியின் மூக்கின்கீழ் பிடித்தார். சாமி அடுக்கடுக்காகத் தும்மியது. சுருட்டு வாயிலிருந்து கைக்கு வந்தது, தோள் சரிந்தது, கால் மடங்கியது. நூல் போன்ற அந்தப் பழைய குரல் கேட்டது:

"தொரை, இந்தச் சுருட்டு எப்படி என் கைக்கு வந்துச்சு?"

"வெச்சுக்கோ" என்றார் துரை. அது அவருடைய ஐந்து வாக்கியங்களில் சேராத ஆறாவது.

காப்பி குடிக்க வந்த என் கணவர் வெகுநேரம் பெருமையோடு உட்கார்ந்திருந்தார். நான் தைலம் கொடுத்த கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"உன் வாசனையால வந்தது, என் மருந்தால போச்சு. பாத்தியா?"

"நீங்களும் மூக்குல காட்டித்தான போக்குனீங்க? அதுவும் வாசனைதானே?"

"அது வாசனை இல்ல. அது அமோனியா" என்றார்.

நான் லயத்துக்குப் போனேன். ஒரு சொட்டு நல்லது என்றால் நூறு சொட்டு எவ்வளவு நல்லது என்று யோசித்து, மனிதர் கால் போத்தலைத் தலையில் ஊற்றிக்கொண்டு படுத்திருக்கிறார். தூங்கினாரா என்று கேட்டேன். "கல்லு மாதிரி தூங்கினாரு" என்றாள் மனைவி. விடிந்து குளிக்காமல், எண்ணெய்த் தலையோடு பெரட்டுக்கு வந்ததுதான் வினையாகியிருக்கிறது. இனிமேல் ஒரு சொட்டு, எழுந்ததும் தலைக்குத் தண்ணீர் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, போத்தல் எங்கே என்று கேட்டேன். அவள் தலையைச் சொறிந்தாள்.

"பக்கத்து வீட்ல கொஞ்சம் கேட்டாங்க, குடுத்தேன். அவங்க அடுத்த வீட்டுக்குக் குடுத்தாங்களாம்."

மசாலாத்தூள் இரவல் போவதுபோல் என் தைலம் லயத்தில் கடைசி வீடுவரை போயிருந்தது.

மறுநாள் பெரட்டுக்கு மதுரைவீரன் வந்தார். சங்கிலிக் கருப்பன் வந்தார். பேர் சொல்லாமல் உறுமிக்கொண்டே நின்ற ஒருவரும் வந்தார். சாமி வந்தவருக்குத் துரை சுருட்டு கொடுத்தார், சற்று நேரம் உட்கார வைத்தார்கள் என்கிற செய்தியும் எண்ணெயோடு சேர்ந்து வீடு வீடாகப் போயிருக்கிறது. துரை தன் நாலு கேள்விகளையும் ஒவ்வொருவரிடமும் முறை தவறாமல் கேட்டார். கிராணிக்கு வியர்த்தது. என் கணவர் புட்டியும் கையுமாக வரிசையில் ஓடினார். மதுரைவீரன் தும்மி இறங்கினார். கருப்பன் தும்மி இறங்கினார். பேர் சொல்லாதவர் மட்டும், புட்டி தன்னிடம் வருவதற்கு முன்பே மலையேறிவிட்டார். நேற்று வந்த நிஜமான சாமியாடி, குளித்த ஈரத்தலையோடு, இவர்களைக் கண்டு பயந்து வரிசையின் கடைசியில் ஒடுங்கி நின்றார்.

அன்று மத்தியானம் என் கணவர் சோற்றைப் பிசைந்தபடி யோசித்துக்கொண்டே இருந்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"சாமி வந்தா உடம்புல சூடு ஏறும்ல?"

"ஏறும்னுதான் சொல்றாங்க."

"சூடு எறங்க என்ன குடுக்கணும்?"

மறுநாள் பெரட்டில் அவர் ஒரு பெரிய போத்தல் விளக்கெண்ணெயும் கரண்டியுமாய் மேசையருகே நின்றார். சாமி வந்து இறங்கியவர்கள் எல்லாரும் உடல்சூடு தணிய ஒரு கரண்டி குடித்துவிட்டு வேலைக்குப் போக வேண்டும் என்று கிராணி அறிவித்தார். களம் அமைதியாக இருந்தது. ஒரு தெய்வமும் வரவில்லை. துரைக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்போலத் தோன்றியது. உபரியாக ஒரு சுருட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். சாமியாடி சொன்னபடி கேட்டார். தினமும் படுக்கும்போது பொட்டில் ஒரு தொடுதல், தலைமாட்டில் ஒரு சொட்டு, எழுந்ததும் குளியல். சாம்பிராணி வாசனை வந்ததும் படுக்க வேண்டும், படுத்ததும் தூங்க வேண்டும் என்று உடம்பு பழகிக்கொண்டது. கன்னம் கொஞ்சம் உப்பியது. மனைவி தும்மினால்கூட இப்போது திரும்பிப் படுத்துக்கொள்கிறார் என்று அவளே வந்து சொல்லிவிட்டுப் போனாள். நான் கலந்த தைலங்களிலேயே இத்தனை அழகாக வேலை செய்தது வேறில்லை.

திருவிழா வந்தது. கோயில் வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல், உறுமி மேளம், பத்து காஜாவிலிருந்து வந்த கடைகள். துரைக்கு மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மடியில் அவர் ஒரு புதுச் சுருட்டுப் பெட்டியை வைத்திருந்தார். முனியாண்டி சிலைக்கு முன்னால் சாமியாடியை மஞ்சள் வேட்டியோடு உட்கார வைத்து, பூசாரி ஒரு பெரிய தட்டு நிறையச் சாம்பிராணி போட்டார். வெண்புகை எழுந்து பந்தலை மூடியது. மேளம் வேகமெடுத்தது. ஆட்கள் கைகூப்பி நின்றார்கள்.

புகை சற்று விலகியபோது சாமியாடியின் தலை ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தது. சாமி இறங்கப்போகிறது என்று பெண்கள் குலவையிட்டார்கள். தலை மெல்ல மறுபக்கம் சாய்ந்தது. மேளக்காரர்கள் கையில் இருந்த பலத்தை எல்லாம் போட்டு அடித்தார்கள். ஓர் இடைவெளியில், அவர்கள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, குறட்டைச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"எழுப்பாதீங்க, சாமி யோகத்துல இருக்கு" என்றார் ஒருவர்.

"இது யோகமில்ல, தூக்கம்" என்றாள் அவர் மனைவி. "எனக்குத் தெரியாதா?"

இன்னும் சாம்பிராணி போட்டார்கள். போடப் போட அவர் சுகமாக உள்ளே இறங்கிப் போனார். கடைசியில் அரிவாளைக் கன்னத்துக்கு அணைவாக வைத்துக்கொண்டு காலை நீட்டிவிட்டார். துரை குனிந்து கிராணியிடம் கேட்டார்:

"முனியாண்டி இன்னிக்கு லீவா?"

பந்தலில் இருந்த கண்கள் ஒவ்வொன்றாக என்னிடம் திரும்பின. அங்கே யாருக்கு எந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். சாமியையே தூங்கவைத்தவள் என்கிற பெயரோடு அந்தத் தோட்டத்தில் மேற்கொண்டு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று யோசித்தேன். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். எழுந்து ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தார். திரும்பி வந்தபோது கையில் அமோனியா உப்புப் புட்டி. செருப்பைக் கழற்றிவிட்டு, பந்தலுக்குள் போய்ச் சாமியாடியின் பக்கத்தில் மண்டியிட்டு மூடியைத் திறந்தார்.

முன்பு அந்தப் புட்டி சாமியை அனுப்பிவைத்தது. அன்றைக்கு அது அழைத்து வந்தது. சாமியாடி ஒரு தும்மல் தும்மினார். கண் திறந்தது. இரண்டாவது தும்மலில் எழுந்து நின்றார். மூன்றாவதில் பந்தல் கால் அதிரும்படி உறுமினார். நாலு பேர் பிடித்தும் நிற்கவில்லை. துரை பெட்டியைத் திறந்து நீட்டினார். சாமி தேர்ந்து ஒரு சுருட்டை எடுத்துக்கொண்டு, புகையை ஊதியபடி கேட்டது:

"என்னை எழுப்புனது யாருடா?"

"நான்தான் சாமி" என்றார் என் கணவர். "டிரசர்." அவர் குரல் அத்தனை சின்னதாக நான் கேட்டதில்லை.

சாமி கை நிறையத் திருநீற்றை அள்ளி அவர் நெற்றியில் அறைந்தது. "எண்ணெய் குடுத்தவ எங்க?"

கூட்டம் விலகி எனக்கு வழிவிட்டது. நான் வேண்டாத வழி. முன்னால் போய்க் கைகூப்பி நின்றேன். சாமி என்னை மேலும் கீழும் பார்த்தது. புகையை விட்டது. பிறகு, கொஞ்சம் குனிந்து, மற்றவர்களுக்கு அவ்வளவாகக் கேட்காதபடி சொன்னது:

"தூக்கம் நல்லா வருது தாயி. போத்தல் முடியப்போவுது. இன்னொன்னு குடு."

அதற்குப் பிறகு அது அரிவாள்மேல் ஏறி, வழக்கம்போல ஊர்க் குற்றங்களைச் சொல்லி, கங்காணியை மட்டும் தனியாகக் கூப்பிட்டு வெகுநேரம் திட்டியது. திருவிழா நன்றாகவே நடந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது என் கணவர் நெற்றித் திருநீற்றைத் துடைக்கவில்லை.

"கேட்டது சாமியா, அந்த ஆளா?" என்றார்.

"குரல் சாமியோடது. போத்தல் முடியப்போறது அந்த ஆளுக்குத்தான தெரியும்."

"யாராயிருந்தா என்ன? கேட்டாச்சு. குடுத்திரு" என்றார். சிறிது தூரம் போனபின், "எனக்கும் கொஞ்ச நாளா சரியாத் தூக்கம் இல்ல" என்றார். "சாம்பிராணி வேணாம். எனக்கு வேற ஏதாவது போடு." சந்தனமும் மிகக் கொஞ்சம் செரையும் கலந்து கொடுத்தேன். அதை அவர் மருந்து அலமாரியில் டிஞ்சருக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார். ஆனால் அலமாரியைத் திறந்தாலே வீடு முழுக்க மணக்கும்.

சாமியாடிக்கும் புதுப் போத்தல் போனது. அதில் சாம்பிராணியை நிறுத்திவிட்டு மெல்ல மெல்லச் சந்தனத்துக்கு மாற்றினேன். தூக்கம் கெடவில்லை. அடுத்த திருவிழாவுக்குச் சாம்பிராணிப் புகையிலேயே முனியாண்டி ஒழுங்காக வந்துவிடும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் பூசாரி எதற்கும் இருக்கட்டும் என்று, உப்புப் புட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக்கொண்டார். டாக்டர் வந்து மருந்துகளைச் சரிபார்த்தபோது புட்டி எங்கே என்று கேட்டாராம். கோயிலில் இருக்கிறது என்று என் கணவர் உண்மையைச் சொன்னார். டாக்டர் பட்டியலில் அடுத்த மருந்துக்குப் போனார்.

சில ஆண்டுகள் கழித்து என் கணவருக்குத் தஞ்சோங் மாலிம் பக்கம் ஒரு பெரிய தோட்டத்தில் வேலை கிடைத்தது. சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த சாயங்காலம் துரை நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவரின் கையைக் குலுக்கினார். போகாமல் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, "எனக்கும் தூக்கம் இல்லை" என்றார்.

துரைக்குப் பிடித்த வாசனை எது என்று நான் கேட்டேன். என் கணவர் அதை இங்கிலீஷில் சொன்னார். துரை தொப்பியைக் கையில் சுழற்றியபடி வெகுநேரம் யோசித்தார். அவர் சொன்னதைக் கேட்ட என் கணவர் எனக்குத் தமிழில் சொல்லத் தயங்கினார்.

"என்ன சொல்றாரு?"

"மழையில நனைஞ்ச நாய்."

சின்ன வயதில் அவர் கட்டிலுக்கடியில் ஒரு நாய் படுத்திருக்குமாம். அவர் ஊரில் எந்நேரமும் மழையாம். அந்த வாசனை இருந்தால் தூங்கிவிடுவாராம். பாயின் பெட்டியில் எத்தனையோ புட்டிகள் உண்டு, அந்தத் தைலம் மட்டும் இல்லை. பங்களாவில் அவருக்கு ஒரு நாய் இருந்ததே என்று கேட்டேன். இருக்கிறது, வெளியில் கட்டியிருக்கிறது என்றார்.

"சாயங்காலம் அதைக் குளிப்பாட்டி, துவட்டாம படுக்கிற ரூம்ல விடச் சொல்லுங்க" என்றேன்.

என் கணவர் அதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். துரை சிரிக்கவில்லை. எத்தனை முறை என்று மட்டும் கேட்டார். முதலில் ஒருமுறை செய்து பார்க்கட்டும், அரிப்பு ஒன்றும் இல்லையென்றால் தினமும் செய்யலாம் என்று சொன்னேன். நன்றி சொல்லிவிட்டு, தொப்பியை வைத்துக்கொண்டு போனார். செய்தாரா, தூங்கினாரா என்று தெரியாது. மறுநாள் காலையே நாங்கள் ரயிலேறிவிட்டோம்.